கயிறு தள்ளாது

கார்த்திகை மழை மூன்றாம் நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தபோது என் கப்பலின் முன்மரம் வளைந்தது. காற்று அடிக்கவில்லை. கப்பல் கடலிலும் நிற்கவில்லை. கிளிநொச்சியில், எங்கள் வீட்டு முன்னறையில், யன்னலோர மேசையில் நின்றது. மூன்றடி நீளமான பிளாஸ்டிக் கப்பல். இரவு விளக்கணைக்கும்போது நேராக நின்ற பாய்மரத்தின் உச்சித்துண்டு, விடியப் பார்க்கத் தூண்டில் தடி மாதிரி முன்னுக்குக் குனிந்து நின்றது.

வீட்டில் எல்லாரும் பூனையைத்தான் பார்த்தார்கள். நான் பசையைக் குற்றம் சொன்னேன். உண்மையான குற்றவாளியை முற்றத்தில் கண்டேன். வேம்புக்கும் பூவரசுக்கும் நடுவே கட்டியிருந்த உடுப்புக்கொடி பருத்திக் கயிறு. ஆவணியில் நாலு சாரம் போட்டாலே நிலத்தைத் தொடப் பார்க்கும். அன்று ஒரு துணியும் இல்லாமல், மழையில் ஊறி, விரலால் தட்டினால் துள்ளுகிற அளவுக்கு விறைத்திருந்தது. யாரும் இழுத்துக் கட்டவில்லை. கயிறு தானாகவே குறுகியிருந்தது.

கப்பலின் முன்பக்கத்து இழுவைகளுக்கு நான் போட்டது பருத்தி நூல். பின்பக்கத்துக்கு வரும்போது நூல் முடிந்துவிட்டது. தையற்கடையில் வாங்கிய பொலியெஸ்டர் நூலைப் போட்டுச் சமாளித்திருந்தேன். பருத்தி ஈரத்தை உறிஞ்சும். பொலியெஸ்டர் ஏறக்குறைய உறிஞ்சவே உறிஞ்சாது. மூன்று நாள் ஈரக்காற்றில் முன்நூல் இறுகியது, பின்நூல் பேசாமல் இருந்தது, இடையில் அகப்பட்ட பிளாஸ்டிக் குனிந்தது.

நனைந்த கயிறு ஏன் குறுக வேண்டும்? மாரியில் கதவுப் பலகை ஊதி நிலையில் இறுகுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும். பருத்தி இழையும் ஊதத்தான் செய்கிறது, ஆனால் குறுக்கே. நீளவாட்டில் அது பெரிதாக நீளாது. கயிற்றுக்குள் இழைகள் நேராகக் கிடப்பதில்லை. முறுக்கேறிச் சுற்றிச் சுற்றிப் போகின்றன. ஒரு துண்டு நூலைப் பென்சிலில் பத்துச் சுற்று, சுருள்வில் மாதிரிச் சுற்றுங்கள். அதே நூலை, அதே பத்துச் சுற்றாக, ஒரு ரோச் பற்றரியில் சுற்றிப் பாருங்கள். தடித்த உருளையைச் சுற்றிவரவே நூலின் பெரும்பகுதி செலவாகிவிடும். நீளவாட்டில் நகரக் கொஞ்சம்தான் மிஞ்சும். ஈரத்தில் கயிறு தடிக்கிறது, தடித்ததால் குறுகுகிறது. நைலோன் வேறு சாதி. நனைந்தால் அது சற்று நீண்டு தொய்யும்.

1586 இல் ரோமில் ஓர் எகிப்தியக் கற்தூணை நிமிர்த்தும்போது கயிறுகள் கைவிடப் பார்த்தனவாம். பேசினால் மரணம் என்ற கட்டளையையும் மீறிக் கூட்டத்தில் நின்ற கடலோடி ஒருவன், கயிற்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கத்தினானாம். தூணை நிமிர்த்தியது வரலாறு; கடலோடி கத்தியது கதை. ஆனால் அந்தக் கதையைக் கட்டியவனுக்குக் கயிறு தெரிந்திருக்கிறது.

என் கப்பல் துண்டுகளாக இருந்த பெட்டி, ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்தது. ரெவெல் நிறுவனத்தின் வார்ப்பு. அமெரிக்கப் போர்க்கப்பல் ‘கொன்ஸ்டிடியூஷன்’, 96 இல் ஒரு பங்கு அளவில். அசல் கப்பல் 1797 இல் பொஸ்டனில் கடலில் இறங்கியது; இன்றும் அங்கேதான் மிதக்கிறது. உடலை ஒட்டி நிறம் தீட்ட எனக்கு இரண்டு கிழமை போதுமாக இருந்தது. கயிறு கட்ட ஒரு வருடத்துக்கு மேல். தொலைபேசியில் “இன்னும் முடியேல்லையோ?” என்று கேட்பதை மச்சான் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டான்.

இந்த வேலையில் இறங்குகிறவர்களில் பலர் கயிறு வரைக்கும் வருவதில்லை. உடலை ஒட்டி, பீரங்கிகளை அடுக்கி, மரங்களை நட்டுவிட்டு அலுமாரியில் வைத்துவிடுவார்கள். அப்படியொரு கப்பலைப் பார்க்கும்போது நரம்பு கட்டாத வீணையைப் பார்ப்பது போலிருக்கும் எனக்கு. பாய்க்கப்பலில் உடல் என்பது மிதக்கிற பாத்திரம். இயந்திரம் முழுவதும் மேலே, கயிற்றில் இருக்கிறது. பிரித்தானியத் தளபதி நெல்சனின் போர்க்கப்பலான ‘விக்டரி’யில் 42 கிலோமீற்றர் கயிறு இருந்ததாகக் கணக்கு. பரந்தனில் ஒரு நுனியை முடிந்துவிட்டு முல்லைத்தீவு வீதியில் நடந்தால், புதுக்குடியிருப்பும் தாண்டிப் போகும் அந்தக் கயிறு. எல்லெர் நிறுவனம் அந்தக் கப்பலை 100 இல் ஒரு பங்கில் பிளாஸ்டிக்கில் வார்த்திருக்கிறது. அதை நேர்மையாகக் கட்டி முடிக்க 420 மீற்றர் நூல் வேண்டும்.

இவ்வளவு கயிறு எதற்கு? விடை மிகச் சின்னது. கயிறு இழுக்கும், தள்ளாது.

ஏ9 வீதியில் மின்கம்பி நேராகப் போகிற இடத்தில் கம்பம் தன்பாட்டில் நிற்கும். கம்பி ஒழுங்கைக்குள் திரும்புகிற மூலைக் கம்பத்தைப் பாருங்கள். கம்பிகள் ஒருபக்கமாக இழுக்கின்றன. அதற்கு எதிர்ப்பக்கமாக நிலத்திலிருந்து ஒரு இழுவைக் கம்பி சரிவாக வந்து கம்பத்தின் தலையைப் பிடித்திருக்கும். ஒரு பக்கத்து இழுப்பை இன்னொரு பக்கத்து இழுப்பால்தான் அடக்கலாம். மின்கம்பத்துக்கு எந்தப் பக்கம் ஆபத்து என்பது முன்கூட்டியே தெரியும். பாய்மரத்துக்குத் தெரியாது. இன்று சோளகம், நாளை வாடை, இடையில் கொண்டல். போதாததற்குக் கப்பல் உருளும், குத்தும். ஆகவே எல்லாப் பக்கத்திலும் பிடி வேண்டும். இரு பக்கவாட்டிலும், சற்றுப் பின்தள்ளி, வரிசையாக நிலைக்கயிறுகள். முன்னுக்கு அணியத்தை நோக்கித் தடித்த இழுவைகள். பின்னுக்கு மேல்மரங்களிலிருந்து இறங்கும் பின்னிழுவைகள். காற்று பெரும்பாலும் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும்தான் பாயைத் தள்ளும் என்பதால் பலமெல்லாம் பின்பக்கமும் பக்கவாட்டிலும் சேர்ந்திருக்கும். திடீரென்று காற்று மாறிப் பாயின் முகத்தில் அடித்தால், முன்னிழுவைகளை மட்டும் நம்பி மரம் நிற்க வேண்டிவரும். கப்பலோட்டிகள் மிகவும் பயந்த கணங்களில் அது ஒன்று.

மரமும் ஒரே மரமல்ல. ‘கொன்ஸ்டிடியூஷ’னின் நடுமரம் 67 மீற்றர் உயரம். அவ்வளவு நீளத்துக்கு ஒரே நேரான மரம் கிடைப்பது லேசல்ல. மூன்று துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, அடியும் நுனியும் கொஞ்சம் மேவிவர வைத்துக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அதற்கென்று தனிக் கயிற்றுக் குடும்பம். புயலில் மேல்துண்டு முறிந்தால் அதை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றலாம். என் மேசையில் அந்த 67 மீற்றர், 70 சென்ரிமீற்றராகச் சுருங்கி நிற்கிறது.

கட்டும் ஒழுங்கும் இதே விதிப்படிதான். கீழிருந்து மேல், உள்ளிருந்து வெளி. நிலைக்கயிற்றில் வலப்பக்கம் ஒரு சோடி கட்டினால் அடுத்தது இடப்பக்கம் ஒரு சோடி. பிறகு திரும்ப வலம். அசல் கப்பலிலும் அப்படித்தான் ஏற்றினார்கள். அவசரத்தில் ஒருபக்கம் முழுவதையும் கட்டி முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் மரம் ஏற்கெனவே சாய்ந்திருக்கும். பிளாஸ்டிக் மரம் என்றால் சாய்ந்தபடியே பழகியும் போயிருக்கும். பொலிஸ்டைரீனுக்கு அந்தக் கெட்ட குணம் உண்டு. சின்ன இழுப்புத்தானே என்று விட்டுவிட்டால், கிழமைக்கணக்கில் மெல்ல மெல்ல வளைந்து, நூலை அவிழ்த்த பிறகும் நிமிர மறுக்கும். வெயில் படும் யன்னலோரம் என்றால் இன்னும் வேகமாக. என் முன்மரத்தின் உச்சித்துண்டைக் கடைசியில் வெட்டி எறிந்தேன். அதற்குப் பதிலாக ஒரு தடித்த தென்னை ஈர்க்கைச் சுரண்டி வைத்தேன். அடி பருத்து நுனி ஒடுங்கி, பாய்மரத்துக்கு வேண்டிய வடிவம் ஈர்க்கில் ஏற்கெனவே இருக்கிறது. பிளாஸ்டிக்கைவிட விறைப்பு.

நிலைக்கயிறுகள் கறுப்பு. அவை இடம் மாறுவதில்லை, ஆண்டுக்கணக்கில் மழையிலும் உப்பிலும் நிற்கின்றன. அதனால் பைன் மரத்துத் தாரை ஊட்டி வைத்தார்கள். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் கப்பிகளில் ஓட வேண்டும். தார் பூசினால் இலகுவாக ஓடாது. அவை மண்ணிறம். மழை வந்தால் இந்த மண்ணிறக் கயிறுகள் என் உடுப்புக்கொடி மாதிரி இறுகும். இரவுக் காவலில் நிற்பவர்கள் போய்க் கொஞ்சம் இளக்கிவிட வேண்டும். பெட்டிக்குள் ஏன் இரண்டு நிறத்தில் நூல் இருந்தது என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

ஒவ்வொரு நிலைக்கயிற்றின் அடியிலும் ஒரு வட்டக் கட்டை, அதில் மூன்று துளை. ஆங்கிலக் கடலோடிகள் அதைச் ‘செத்த கண்’ என்பார்கள். மண்டையோட்டு முகம் தெரிகிறதாம். எங்கள் பக்கத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் தேங்காய் என்பார்கள். இரண்டு தேங்காய் முகங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி. மேல்முகம் கயிற்றின் நுனியில், கீழ்முகம் கப்பல் உடலில். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கயிறு துளைக்குத் துளை ஏறி இறங்குகிறது. உராய்வே இல்லை என்று வைத்தால் கணக்குப்படி ஒரு பங்கு இழுப்பு ஐந்து பங்காகும். கிணற்றுக் கப்பி போலச் சக்கரம் கிடையாது, வெறும் துளை. ஆகவே உராய்வு நிறையவே தின்றுவிடும். கொழுப்புத் தடவித்தான் இழுப்பார்கள். கட்டி முடிந்த பிறகு கொழுப்புக் காய, இழுக்கும்போது எதிரியாக இருந்த உராய்வே கயிறு நழுவாமல் காவல் காக்கும். என் கப்பலில் இந்தத் தேங்காய்கள் மிளகிலும் சிறியவை. மூன்றாவது கண்ணுக்குள் நூல் போகிற தருணத்தில்தான் யாராவது வாசலில் கூப்பிடுவார்கள்.

நிலைக்கயிறுகளுக்குக் குறுக்கே ஏணிப்படி மாதிரி மெல்லிய கயிறுகள். மாலுமிகள் ஏறுவதற்கு. படிக்குப் படி ஏறத்தாழ 15 அங்குலம். 96 இல் ஒரு பங்கில் 4 மில்லிமீற்றர். ஒரு பக்கத்தில் எட்டு நிலைக்கயிறு, இருபத்தைந்து படி என்று வைத்தால் 200 முடிச்சு. மூன்று மரம், இரண்டு பக்கம். பெட்டிக்காரர்களுக்கு இது தெரியும் என்பதால் பல பெட்டிகளில் இந்த ஏணியை வார்த்தே கொடுத்துவிடுவார்கள். வார்த்த ஏணி, ஏணி மாதிரித்தான் இருக்கும்; கயிறு மாதிரி இருக்காது. நான் கணித வரைபுத்தாளை நிலைக்கயிறுகளுக்குப் பின்னால் நிறுத்தி, நாலாவது கோடு ஒவ்வொன்றிலும் ஒரு படியாகக் கட்டினேன். ஒரு இரவுக்கு இரண்டு படி. சில இரவுகளில் ஒன்று.

முடிச்சில் எனக்கு ஆசான், முல்லைத்தீவுக் கரையில் வலை பொத்துகிற ஓர் அப்பு. முதலில் அவரிடம் போனது நூல் கேட்டு. மெல்லியதாக, பலமாக, மினுக்கமாக இருக்கிறதே என்று தங்கூசியில் ஒரு பாகம் வாங்கிவந்தேன். படுதோல்வி. தங்கூசி சுருண்டிருந்த வளைவை மறப்பதில்லை, போட்ட முடிச்சைப் பிடிப்பதில்லை. நாலு மில்லிமீற்றர் இடைவெளியில் அது ஒரு பாம்பு. “அது மீனுக்குத் தெரியாமல் இருக்கச் செய்தது தம்பி. உன்ர கப்பல் தெரியவேணும் எல்லோ?” என்றார். அவர் கை வேலை செய்வதைப் பார்த்தபோது வேறொன்று பிடிபட்டது. கண்ணுக்குக் கண் அவர் அளந்து பார்ப்பதில்லை. ஒரு சிறு பலகைத்துண்டில் நூலைச் சுற்றி முடிகிறார். பலகையின் அகலமே வலைக்கண்ணின் அளவு. நானும் 4 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் சீவலை வெட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு இரவுக்கு ஆறு படி.

அளவு சுருங்கும்போது உலகம் ஒழுங்காகச் சுருங்குவதில்லை. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கலாம். நூலில்தான் எனக்கு உறைத்தது. அசல் கப்பலில் தளர்வாக விட்ட கயிறு அழகான வளைவாகத் தொங்கும். என் நூல் தொங்காது, கோணல்மாணலாகக் காற்றில் நிற்கும். ஒரே பொருளால், ஒரே அமைப்பில் செய்த கயிற்றை 96 மடங்கு சிறிதாக்கினால் அதன் பாரம் 96ஐ மூன்று முறை பெருக்கிய அளவுக்குக் குறைகிறது: 884,736 மடங்கு. வளைவதை எதிர்க்கும் விசையோ இரண்டு முறை பெருக்கிய அளவுக்கு, 9,216 மடங்குதான் குறைகிறது. பாரத்தோடு ஒப்பிட்டால் என் நூல் அசலைவிட 96 மடங்கு விறைப்பு. தொங்குவதற்கு வேண்டிய பாரம் அதனிடம் இல்லை. ஆகவே தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தடவி, வளைவைக் கையால் பிடித்துக் காயவைத்து, புவியீர்ப்பை நடிக்க வேண்டியிருக்கிறது. பஞ்சு மயிரும் அப்படித்தான். நூலில் அரை மில்லிமீற்றர் சிலும்பு நமக்குத் தெரியாது. கப்பலின் கணக்கில் அது 5 சென்ரிமீற்றர் முள். நூல் முழுவதையும் தேன்மெழுகில் இழுத்துச் சிலும்பைப் படியவைக்க வேண்டும். அதற்கு மட்டும் நான் அலையவில்லை. வன்னிக் காட்டுத் தேன் வாங்கும் வீட்டில் மெழுகுக்கு என்ன பஞ்சம்?

ஒரு மடைத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய கணக்குகளில் 10 அங்குலக் கயிறு என்று போட்டிருந்தால் அது குறுக்களவு அல்ல, சுற்றளவு. கடலோடிகள் கயிற்றைச் சுற்றித்தான் அளந்தார்கள். கையில் இருப்பது கயிறு, அதைச் சுற்றிப் பார்க்க இன்னொரு கயிறு போதும். 10 அங்குலச் சுற்றளவு என்றால் குறுக்கே 81 மில்லிமீற்றர், என் அளவில் 0.84. நான் குறுக்களவென்று வாசித்து 2.6 மில்லிமீற்றர் நூலைத் தேடிப் பிடித்து ஒரு மரம் முழுவதும் கட்டினேன். மாட்டைக் கட்டுகிற கயிற்றால் கப்பலைக் கட்டிய மாதிரி இருந்தது. இரண்டு மாத வேலை, நகவெட்டிக்கு அரை மணித்தியாலம்.

இந்த அமெரிக்கக் கப்பலுக்கும் எங்கள் கடலுக்கும் ஒரு தொடுப்பு இருக்கிறது. 1812 டிசம்பர் 29, பிறேசில் கரைக்கு அப்பால் ‘கொன்ஸ்டிடியூஷன்’ பிரித்தானியாவின் ‘ஜாவா’வோடு மோதியது. சண்டை தொடங்கிய சிறிது நேரத்தில் அமெரிக்கக் கப்பலின் சுக்கான் சக்கரம் சிதறிப்போனது. கப்டன் பெயின்பிரிட்ஜ் கீழ்த்தளத்தில் ஆட்களை நிறுத்தி, சுக்கான் தண்டைக் கயிறுகளால் இழுக்கவைத்து, கட்டளையை வாய்க்கு வாய் கடத்திக் கப்பலைத் திருப்பினார். ‘ஜாவா’வுக்கு அடி விழுந்தது அணியத்துக்கு முன்னே நீட்டியிருக்கும் முன்கொம்பில். முன்பாய்களின் கயிறுகள் அங்கேதான் முடிகின்றன. கொம்பின் நுனி போனதும் அந்தப் பாய்களும் போயின; கப்பல் காற்றில் திரும்ப முடியாமல் தத்தளித்தது. பிறகு மரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கப்டன் லாம்பேர்ட் படுகாயமுற்று இறந்தார். இழுத்துப்போகக்கூட உதவாது என்று ‘ஜாவா’வை எரித்துவிட்டார்கள்.

எரிந்த அந்தக் கப்பல் பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே கட்டப்படும் கப்பல்களுக்கான செப்புத் தகடுகளும், புதிதாகக் கட்டவிருந்த ஒரு போர்க்கப்பலின் வரைபடமும் அதற்குள் இருந்தன. இன்னொரு பிரதி பிறகு அனுப்பப்பட்டது. ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் தச்சர்கள் 1816 இல், பார்சி வழக்கப்படி வெள்ளி ஆணி ஒன்றை அறைந்து, ஏரா எனும் அடிமரத்தை வைத்தார்கள். 1817 அக்டோபர் 12 இல் கடலில் இறக்கினார்கள். கப்பலுக்கு வைத்த பெயர் ‘திருகோணமலை’. நெப்போலியன் காலத்துப் போர்களில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் முழுவதும் தேக்கில் செய்தது. ‘தேக்கு’ என்ற சொல்லையும் மலபார்க் கரையில் வாங்கித்தான் ஆங்கிலம் தன் சொல்லாக்கிக்கொண்டது. தும்புக்கு அவர்கள் சொல்லும் பெயரும் நம் ‘கயிறு’தான், கட்டுமரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தேக்குக் கப்பல் இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் 2001 இல் திருத்தி முடிக்கப்பட்டு, மூன்று மரமும் கயிறுமாக இன்றும் தண்ணீரில் நிற்கிறது. பிரித்தானியப் போர்க்கப்பல்களில் இன்னும் மிதப்பவற்றுள் அதுவே மூத்தது.

முல்லைத்தீவிலிருந்து கரையோரமாகத் தெற்கே இறங்கினால் செம்மலை, நாயாறு, கொக்கிளாய், அதற்கப்பால் புல்மோட்டை, திருகோணமலை. 1782 செப்டெம்பர் 3 இல் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் பொருதினார்கள். சுஃப்ரனின் கொடிக்கப்பலின் நடுமரம் முறிந்து விழுந்தது. நாலு நாளில் அவருடைய இன்னொரு கப்பலான ‘ஓரியன்’, 74 பீரங்கிக் கப்பல், துறைமுகத்துக்குத் திரும்பும்போது கரைதட்டி அழிந்தது. அந்தக் கப்பலைக் காப்பாற்ற முடியவில்லை. அதன் மரங்களைக் கழற்றி, மரமிழந்த கப்பல்களுக்கு நட்டார்கள். நான் என் முன்மரத்துக்கு ஈர்க்கு வைத்தபோது சுஃப்ரனை நினைத்துக்கொண்டேன். பொருத்தமில்லாத ஒப்பீடுதான்.

எங்களுக்குக் கயிறு அந்நிய வித்தையும் அல்ல. ஆனையிறவுக்கு அந்தப் பக்கம், வல்வெட்டித்துறையில் 1930 இல் கட்டிய ‘அன்னபூரணி’ 89 அடி, இரண்டு பாய்மரம். அமெரிக்கரான வில்லியம் அல்பர்ட் றொபின்சன் அதை வாங்கி மனைவியின் பெயரை வைத்தார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் ஐந்து பேரும் ஏறி ஓட்டிப்போய் 1938 ஆகஸ்ட் 1 இல் மசாசுசெட்ஸின் குளோஸ்டரில் சேர்த்தார்கள். பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான், பாயைத் தாங்கும் குறுக்கு மரத்துக்குப் பருமல், பாயின் முனையைப் பிடிக்கும் கயிற்றுக்குத் தாமான், தலைவனுக்குத் தண்டையல் என்று ஒரு சொற்கூட்டமே இருந்தது. எங்கள் கரையில் பிற்காலத்தில் எல்லாரும் பார்க்கப் போன பெரிய கப்பல் என்றால், 2006 கடைசியில் இயந்திரம் பழுதாகி முல்லைத்தீவுப் பக்கம் ஒதுங்கிய ஜோர்தான் நாட்டு ‘ஃபாரா 3’. இரும்புச் சுவர். பிடித்துப் பார்க்க ஒரு கயிறில்லை.

நிலைக்கயிறெல்லாம் முடிந்த பிறகு வந்தது ஓடுகயிறு. இதில்தான் கப்பல் உயிர் பெறும். ஒவ்வொரு பருமலுக்கும் ஏற்ற ஒரு கயிறு, சமன்பிடிக்க இரண்டு, பாயைச் சுருட்டச் சில, முனைகளைக் கீழே இழுக்க இரண்டு, பருமலைக் காற்றுக்கேற்பத் திருப்ப இரண்டு. ஏன் எல்லாம் இரண்டு இரண்டு? பழைய விதிதான். வலக்கயிற்றை இழுத்தால் பருமல் வலப்பக்கம் திரும்பும். திருப்பி அனுப்ப அதே கயிற்றால் முடியாது. இடப்பக்கத்தில் ஒருத்தன் நின்று இழுக்க வேண்டும், அவன் இழுக்கும்போது இவன் விட்டுக்கொடுக்க வேண்டும். இப்படி வருகிற நூற்றுக்கணக்கான நுனிகள் தளத்தின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் முளைகளில் எட்டுப் போட்டு முடியும். எந்த முளையில் எந்தக் கயிறு என்பது மாறவே மாறாது. அமாவாசை இருட்டில், புயலில், தூக்கக் கலக்கத்தில் எழும்பி வருகிறவன் கையால் தடவியே கண்டுபிடிக்க வேண்டும். நான் முளைகளுக்கு இலக்கமிட்ட கடதாசி ஒன்றை மேசையில் ஒட்டி வைத்திருந்தேன். அப்படியும் இரண்டு முறை மாறிக் கட்டினேன்.

போன வைகாசியில் முல்லைத்தீவு அப்பு பேத்தி வீட்டுக்கென்று கிளிநொச்சிக்கு வந்தவர், எங்கள் வீட்டுக்கும் வந்தார். கப்பல் முடிந்திருந்தது. பெரும்பாலானவர்கள் பீரங்கியைத்தான் முதலில் எண்ணுவார்கள். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தேத்தண்ணி ஆறிப்போனது. ஒரு நூலைப் பிடித்தார் என்றால், கண்ணாலேயே பருமல் நுனியில் தொடங்கி, கப்பியால் இறங்கி, முளை வரைக்கும் போய், பிறகு அடுத்த நூலுக்கு வந்தார். இப்படிப்பட்ட கப்பலை அவர் வாழ்நாளில் கண்டதில்லை.

“உது என்னத்துக்கு?”

“முன் பருமலைத் திருப்ப, அப்பு. இடப்பக்கக் கயிறு.”

“அது தெரியுது.” குனிந்து பார்த்தார். “கப்பியால வந்து, இஞ்சால நிக்கிற கயித்துக்கு உள்ளால போகுது. ஒவ்வொருக்காலும் இழுக்க அதில உரசும். ஒரு சோளகத்துக்குத் தாங்காது தம்பி.”

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மண்ணிற நூல், கறுப்பு நிலைக்கயிற்றில் ஒரு மயிரளவு சாய்ந்து, தொட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர் போன பிறகு சாமணத்தை எடுத்து, முளையில் போட்ட எட்டை அவிழ்த்து, நூலை வெளியால் கொண்டுவந்து திரும்பக் கட்டினேன். பசை காய இரவு பதினொரு மணியாயிற்று.